மொழி இரண்டு, பண்பாடு பல
சேர்ந்து வாழும் தேசங்கள் – 9

கனடாவின் மானிடோபா மாகாணம் 1897-இல் தன் பள்ளிச் சட்டத்தைத் திருத்தியது. ஒரு பள்ளியில் பிரெஞ்சையோ, ஆங்கிலம் அல்லாத வேறொரு மொழியையோ தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால், அவர்களுக்கு அந்த மொழியிலும் ஆங்கிலத்திலுமாகப் பாடம் நடத்த வேண்டும் என்றது திருத்தம். பிரதமர் வில்ஃப்ரிட் லோரியேயும் மாகாண முதல்வர் தாமஸ் கிரீன்வேயும் பேசி முடித்துக்கொண்ட சமரசம் அது. பிரெஞ்சுக் கத்தோலிக்கர்களின் கோபத்தைத் தணிப்பதுதான் நோக்கம். அந்த 'வேறொரு மொழி'யைப் பிடித்துக்கொண்டு யார் யார் வரப்போகிறார்கள் என்று இருவருமே அன்றைக்கு அவ்வளவாகக் கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள்.

வந்தவர்களில் முக்கியமானவர்கள் உக்ரைனியர்கள். 1891 முதல் உலகப் போர் மூளும்வரை ஏறத்தாழ 1,70,000 பேர் கலீசியா, புகோவினா பகுதிகளிலிருந்து கப்பலேறினார்கள். அந்தப் பகுதிகள் அப்போது ஆஸ்திரியப் பேரரசின் கீழ் இருந்தன. மேற்குச் சமவெளியை உழுது பயிரிட ஆள் தேடிய அமைச்சர் கிளிஃபர்ட் சிஃப்டனுக்கு, ஆட்டுத்தோல் கோட்டு போட்ட கிழக்கு ஐரோப்பிய விவசாயி நல்ல சரக்காகத் தெரிந்தான். பத்து டாலர் பதிவுக் கட்டணம் கட்டினால் 160 ஏக்கர் நிலம். பல குடும்பங்கள் முதல் குளிர்காலத்தைக் குழிவீட்டில் கழித்தன. தரையில் இடுப்பளவு பள்ளம் பறித்து, மேலே மரக்கொம்புகளைச் சாய்த்து, அதன்மீது வேரோடு வெட்டிய புல்மண் கட்டிகளை அடுக்கினால் அதுதான் வீடு. அடுத்த ஓரிரு வருடங்களில் மரவீடு எழும்பியது, தேவாலயம் எழும்பியது, பிறகு பள்ளிக்கூடம். பத்துப் பிள்ளைகளுக்குப் பஞ்சமா! உக்ரைன்-ஆங்கில இருமொழிப் பள்ளிகள் மானிடோபா கிராமங்களில் வரிசையாக முளைத்தன. அவற்றுக்கு ஆசிரியர்களைத் தயாரிக்கத் தனிப் பயிற்சிப் பள்ளியே நடந்தது.

1914-இல் போர் வந்தது. கனடா பிரிட்டன் பக்கம், உக்ரைனியர் கையிலிருந்ததோ ஆஸ்திரியக் கடவுச்சீட்டு. நேற்றுவரை விவசாயியாக இருந்தவர் ஒரே நாளில் 'எதிரி நாட்டவர்' ஆனார். சுமார் 80,000 பேர் காவல் நிலையத்தில் பெயர் பதிந்து அவ்வப்போது ஆஜராக வேண்டியிருந்தது. 8,579 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் 5,000-க்கும் மேற்பட்டவர்கள் உக்ரைனியர்கள். இன்று உலகச் சுற்றுலாப் பயணிகள் ரசித்துப் போகும் பான்ஃப் தேசியப் பூங்காவின் சாலைகளில் ஒரு பகுதி இந்தக் கைதிகள் போட்டது. அந்தச் சூட்டோடு சூடாக, 1916-இல் மானிடோபா அரசு இருமொழிப் பள்ளிகளை ஒழித்தது. கிம்லி தொகுதியின் தாராஸ் ஃபெர்லி, அந்தச் சட்டமன்றத்தின் முதல் உக்ரைனிய உறுப்பினர், எதிர்த்துப் பார்த்தார். பலிக்கவில்லை. பிரெஞ்சுக்கும் அதே கதிதான்.

இத்தனை பழைய கதை எதற்கு என்றால், கனடா உலகுக்கு வழங்கியதாகச் சொல்லிக்கொள்ளும் பல்பண்பாட்டுக் கொள்கையின் வேர் இங்கேதான் இருக்கிறது. பாடநூல்களில் அது பியர் ட்ரூடோ என்ற தாராளமனப் பிரதமர் 1971-இல் நாட்டுக்குத் தந்த கொடையாக எழுதப்பட்டிருக்கும். உண்மையில் அது கொடையல்ல. வேறு இரண்டு பேரின் சண்டைக்கு நடுவே மூன்றாமவர் வாதாடிப் பெற்ற பாதித் தீர்ப்பு.

அந்தச் சண்டை ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் நடந்தது. 1960-க்குப் பிறகு கியூபெக் விழித்துக்கொண்டது. முதல்வர் ஜான் லெசாஜ் மின்சாரத்தைத் தேசியமயமாக்கினார், பாதிரிமார் கையிலிருந்த கல்வியை அரசிடம் கொண்டுவந்தார். எங்கள் மொழிக்கு இந்த நாட்டில் என்ன இடம் என்ற கேள்வி தெருவுக்கு வந்தது. நியாயமான கேள்விதான். ஒட்டாவா பாராளுமன்றத்தில் உடனடி மொழிபெயர்ப்பு வசதியே 1959-இல்தான் வந்தது. மத்திய அரசின் காசோலைகளில் பிரெஞ்சும் அச்சாகத் தொடங்கியது 1962-இல். அதே ஆண்டு ஜனவரியில் மான்ட்ரியலின் 'லெ துவார்' நாளிதழ் ஆசிரியர் ஆந்த்ரே லோராந்தோ, இப்படிச் சில்லறை சில்லறையாகச் சலுகை வேண்டாம், முறையான விசாரணை வேண்டும் என்று தலையங்கம் எழுதினார். 1963 வசந்தத்தில் கியூபெக் விடுதலை முன்னணி மான்ட்ரியலின் ஆங்கிலேயர் வட்டாரத்துத் தபால் பெட்டிகளில் வெடிகுண்டு வைத்தது.

புதிதாகப் பதவிக்கு வந்திருந்த பிரதமர் லெஸ்டர் பியர்சன் தாமதிக்கவில்லை. 1963 ஜூலை 19 அன்று இருமொழி, இருபண்பாட்டு அரச ஆணையம் அமைந்தது. தலையங்கம் எழுதிய லோராந்தோவும், கார்ல்டன் பல்கலைக்கழகத் தலைவர் டேவிட்சன் டன்டனும் இணைத் தலைவர்கள். ஆணையத்தின் பணி வரையறை, நாட்டை நிறுவிய இரண்டு இனங்களின் சமபங்கைப் பற்றிப் பேசியது. மற்ற இனக்குழுக்களின் பங்களிப்பையும் 'கணக்கில் எடுத்துக்கொண்டு' என்று ஒரு வால் சேர்த்திருந்தார்கள். பத்து உறுப்பினர்களில் அந்த வாலுக்காக இரண்டு பேர்: மானிடோபா பல்கலைக்கழகத்தின் உக்ரைனிய மொழியியலாளர் யாரோஸ்லாவ் ருட்னிட்ஸ்கி, ஒட்டாவா பல்கலைக்கழகத்தின் போலந்து வழிப் பேராசிரியர் பால் விசின்ஸ்கி.

1961 குடிக்கணக்கை எடுத்துப் பார்த்தால் இந்த ஏற்பாட்டின் கோளாறு தெரியும். பிரிட்டிஷ் வம்சாவளியினர் 44 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. பிரெஞ்சு வம்சாவளியினர் 30 சதவீதம். மீதமுள்ள ஏறத்தாழ 26 சதவீதம் யார்? ஜெர்மானியர், உக்ரைனியர், இத்தாலியர், டச்சுக்காரர், போலந்துக்காரர், யூதர், சீனர், பழங்குடிகள். நான்கில் ஒருவர். நாட்டை நிறுவியது இருவர் என்றால் இவர்கள் யார், வாடகைக்குக் குடியிருப்பவர்களா?

இந்தக் கேள்வியை மேலவையில் எழுப்பியவர் பால் யூசிக். சஸ்காச்சுவான் மாகாணத்தில் பிறந்த வரலாற்றுப் பேராசிரியர், மானிடோபா உக்ரைனியர்களின் வரலாற்றை எழுதியவர். முந்தைய பிரதமர் ஜான் டீஃபன்பேக்கர் அவரை 1963-இல் மேலவைக்கு அனுப்பினார். தன் ஜெர்மானியக் குடும்பப் பெயருக்காக வாழ்நாளெல்லாம் கேலிபட்ட டீஃபன்பேக்கரோ, எந்த அடைமொழியும் ஒட்டாத 'ஒரே கனடா' பேசியவர். அவர் நியமித்த ஆள்தான் 1964 மார்ச் 3 அன்று தன் கன்னிப் பேச்சில் கனடாவைப் பல்பண்பாட்டு நாடு என்று வர்ணித்தார். பிரிட்டிஷாருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் அப்பால் ஒரு மூன்றாம் தரப்பு இருக்கிறது, இருபண்பாடு என்ற சொல்லே தவறு என்பது அவர் வாதம். பிற்காலத்தில் பலர் யூசிக்கைப் பல்பண்பாட்டின் தந்தை என்றார்கள். அரசியலில் தந்தைகளுக்கு எப்போதுமே குறைவில்லை என்றாலும், இவருக்கு அந்தப் பட்டம் ஓரளவு பொருந்தும்.

ஆணையம் 1964-இல் ஊர் ஊராகப் போய்க் கூட்டம் போட்டது. கிழக்கே ஆங்கிலமும் பிரெஞ்சும் மோதிக்கொண்டன. மேற்கே வினிபெக்கிலும் எட்மன்டனிலும் வேறு பாட்டு. எங்கள் ஊரில் பிரெஞ்சு பேசுபவரைவிட உக்ரைனும் ஜெர்மனும் பேசுபவர்கள் அதிகம், பிரெஞ்சுக்கு இடமென்றால் எங்களுக்கு ஏன் இல்லை என்று கேட்டார்கள். லோராந்தோவுக்கு இதில் சங்கடம். ஆங்கிலேயர்கள் உக்ரைனியரைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு பிரெஞ்சின் கோரிக்கையை நீர்த்துப்போகச் செய்கிறார்களோ என்ற சந்தேகம் கியூபெக்கில் அப்போதே தோன்றிவிட்டது. அந்தச் சந்தேகம் முழுக்கத் தவறும் அல்ல.

ஏனென்றால் பிரெஞ்சுக்காரர்களின் குறை கற்பனையானதல்ல. ஆணையத்தின் ஆய்வாளர்கள் 1961 கணக்கை வைத்து, கியூபெக் மாகாணத்தில் வேலை பார்க்கும் ஆண்களின் சராசரி வருமானத்தை இனவாரியாக அடுக்கினார்கள். 14 இனங்களில் பிரெஞ்சு வம்சாவளியினர் 12-ஆம் இடம். அவர்களுக்குக் கீழே இத்தாலியரும் பழங்குடியினரும் மட்டும். சொந்த மாகாணத்தில், பெரும்பான்மையாக இருந்துகொண்டு! 1969-இல் ஆங்கிலமும் பிரெஞ்சும் மத்திய ஆட்சிமொழிகளாகச் சட்டம் வந்ததற்கு இந்த அட்டவணை ஒன்றே போதுமான காரணம்.

ருட்னிட்ஸ்கி விடவில்லை. ஆணையத்தின் முதல் தொகுதியிலேயே தன் மாற்றுக் கருத்தைத் தனிக் குறிப்பாகச் சேர்த்தார். உக்ரைன், ஜெர்மன், இத்தாலியன் முதலிய மொழிகளுக்கு, அவை செறிந்து வழங்கும் வட்டாரங்களில் சட்ட அங்கீகாரம் வேண்டும் என்றார். பழங்குடி மொழிகளையும் விட்டுவிடவில்லை. சக உறுப்பினர்கள் அதை ஏற்கவில்லை. ஆனால் நான்காம் தொகுதி மற்ற இனக்குழுக்களின் பங்களிப்புக்கென்றே ஒதுக்கப்பட்டது. அதன் 16 பரிந்துரைகளில் ஒன்று, போதிய கோரிக்கை இருந்தால் தொடக்கப் பள்ளிகளில் இந்த மொழிகளையும் பாடமாக வைக்கலாம் என்பது. 1897-இல் பாடமொழியாக இருந்தது இப்போது பாடமாக இருக்கலாம் என்ற அளவுக்கு வந்து நின்றது.

இந்த இடைவெளியில் நாடு ஒரு பெரும் அதிர்ச்சியைக் கண்டது. 1970 அக்டோபரில் விடுதலை முன்னணியினர் பிரிட்டிஷ் வணிகத் தூதர் ஜேம்ஸ் கிராஸையும் கியூபெக் அமைச்சர் பியர் லபோர்த்தையும் கடத்தினார்கள். ட்ரூடோ போர்க்கால அதிகாரச் சட்டத்தைப் பிரகடனம் செய்தார். லபோர்த் பிணமாகக் கிடைத்தார்.

சரியாக ஓராண்டு கழித்து, 1971 அக்டோபர் 8, வெள்ளிக்கிழமை, ட்ரூடோ மக்களவையில் எழுந்து நான்காம் தொகுதிக்கான அரசின் பதிலை வாசித்தார். கனடாவுக்கு ஆட்சிமொழி இரண்டு, ஆனால் ஆட்சிப் பண்பாடு என்று ஒன்று இல்லை, எந்த இனமும் இன்னொன்றுக்கு மேல் அல்ல என்பது அதன் சாரம். பண்பாட்டுக் குழுக்களுக்கு உதவி, அவர்கள் பொதுவாழ்வில் நுழையத் தடைகளை நீக்குதல், குழுக்களுக்கிடையே பரிமாற்றம், வந்தேறிகளுக்கு இரண்டில் ஒரு மொழியைக் கற்பித்தல் என நான்கு உறுதிமொழிகள். எதிர்க்கட்சித் தலைவர் ராபர்ட் ஸ்டான்ஃபீல்ட் வரவேற்றார். மற்றக் கட்சிகளும் தலையாட்டின. எதிர்ப்புக் குரல் இல்லை. மறுநாளே ட்ரூடோ வினிபெக்கில், உக்ரைனிய கனடியர்களின் மாநாட்டு மேடையில் நின்றார். பேச்சை யாருக்காக எழுதினார் என்பதை இதற்குமேல் யாரும் விளக்க வேண்டியதில்லை. அடுத்த ஆண்டுத் தேர்தலில் அவர் கட்சிக்கு 109 இடம், எதிர்க்கட்சிக்கு 107. தப்பிப் பிழைத்த கையோடு பல்பண்பாட்டுக்கென்று ஒரு அமைச்சரை நியமித்தார். போலந்து வம்சாவளி மருத்துவர் ஸ்டான்லி ஹைடாஸ் அந்தப் பதவிக்கு வந்தார்.

வாக்குக் கணக்கு மட்டுமே இதற்குக் காரணம் என்று சொன்னால் ட்ரூடோவுக்கு அநியாயம். அரசும் இனமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் விபரீதம் என்று அவர் 1960-களின் தொடக்கத்திலிருந்தே எழுதி வந்தவர். கியூபெக் தேசியவாதத்தை அதனால்தான் வெறுத்தார். ஆட்சிப் பண்பாடு என ஒன்றே இல்லை என்று அறிவித்துவிட்டால், கியூபெக்கின் 'இரண்டு தேசங்கள்' வாதத்துக்கு அடித்தளமே போய்விடும். மொழி என்பது அலுவலகத்துக்கான கருவி, பண்பாடு என்பது தனிமனிதர் விருப்பம் என்று இரண்டையும் கத்தியால் வெட்டிப் பிரித்ததுதான் அந்த உரையின் சாமர்த்தியம்.

அந்த வெட்டு வலித்தது இரண்டு பக்கமும். கியூபெக் முதல்வர் ரோபேர் பூராஸா ஒரே மாதத்தில் ட்ரூடோவுக்குக் கடிதம் எழுதி, இந்தக் கொள்கை தம் மாகாணத்துக்கு ஒத்துவராது என்றார். சமூகவியலாளர் கீ ரோஷே கேட்ட கேள்வி இன்னும் கூர்மையானது: மொழியிலிருந்து பண்பாட்டைப் பிரித்தால் மிஞ்சுவது என்ன? உக்ரைனியர்களும் வேறு திசையிலிருந்து அதையேதான் கேட்டார்கள். பேச்சு போனால் பாட்டும் பலகாரமும் எத்தனை தலைமுறை தாங்கும்? தமிழ் வாசகருக்கு இந்தக் கேள்வியை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

விழாக்கள் என்னவோ அமோகமாக நடந்தன. டொரன்டோவில் 1969-இல் தொடங்கிய 'கேரவன்', வினிபெக்கில் 1970-இல் தொடங்கிய 'ஃபோக்லோரமா' இரண்டிலும் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு அரங்கு, ஆட்டம், சாப்பாடு. இந்தக் காட்சிக்கு ஒரு முன்னோடி உண்டு. கனடிய பசிபிக் ரயில்வேயின் விளம்பர அதிகாரி ஜான் மரே கிப்பன் 1928-லேயே வினிபெக்கில் குடியேறிகளின் நாட்டுப்பாடல், கைவினை விழா நடத்தினார். ரயிலுக்கும் ஹோட்டலுக்கும் கூட்டம் சேர்க்க வேண்டாமா? பத்தாண்டு கழித்து அவர் எழுதிய புத்தகம்தான் கனடாவைப் பல நிறக் கற்கள் பதித்த மொசைக்காகக் காட்டும் வழக்கத்தைப் பரப்பியது. கிப்பன் பிறந்தது இலங்கையில் என்பது பலருக்குத் தெரியாது. சமூகவியலாளர் ஜான் போர்ட்டர் 1965-இல் அந்த மொசைக்கை நிமிர்த்தி வைத்துப் பார்த்து, மேலே யார், கீழே யார் என்று கணக்கெடுத்தார். 'செங்குத்து மொசைக்' என்ற அவர் புத்தகம், அதிகாரமும் பணமும் பிரிட்டிஷ் வம்சத்தார் கையில் குவிந்திருப்பதை அட்டவணை போட்டுக் காட்டியது.

இந்தப் பேரத்தில் ஒரு தரப்பு கலந்துகொள்ளவே இல்லை. ஆணையத்தின் பணி வரையறையில் பழங்குடிகள் இடம்பெறவில்லை. 1969-இல் அவர்களின் தனிச் சட்ட அந்தஸ்தை நீக்கி எல்லாரையும்போல் ஆக்கிவிடலாம் என்று அரசு வெள்ளை அறிக்கை வெளியிட்டபோது, ஆல்பர்ட்டாவின் இளம் கிரீ தலைவர் ஹரால்ட் கார்டினல் புத்தகம் எழுதியே அதைக் கிழித்தார். அறிக்கை திரும்பப் பெறப்பட்டது. நாங்கள் குடியேறிய குழுக்களில் ஒன்றல்ல, உங்களோடு ஒப்பந்தம் செய்துகொண்ட தேசங்கள் என்ற அவர்கள் நிலைப்பாடு இன்றுவரை மாறவில்லை.

கொள்கையை எழுதியவர்கள் மனதில் இருந்ததும் ஐரோப்பியர்கள்தான். ஆசியர்களை இந்த நாடு எப்படி நடத்தியது என்பதைக் கோமகட்டா மாரு கப்பல் பற்றிய அத்தியாயத்தில் பார்த்தோம். 376 பயணிகளில் சுமார் இரண்டு டஜன் பேரை மட்டும் இறக்கிவிட்டு, 1914 ஜூலையில் கப்பலைத் திருப்பி அனுப்பினார்கள். அந்தக் கதவு 1962-இல் பாதியும், புள்ளி முறை வந்த 1967-இல் மீதியும் திறந்தது. படிப்பு, தொழில், மொழி, வயது ஆகியவற்றுக்கு மதிப்பெண், நிறத்துக்கு இல்லை. கரீபியர், குஜராத்தியர், பஞ்சாபியர், ஹாங்காங் சீனர் என வந்தார்கள். உகாண்டாவிலிருந்து இடி அமீன் துரத்திய ஆசியர்கள் 1972-73-இல் சுமார் 6,000 பேர் வந்தார்கள். உக்ரைனியர்களுக்காகத் தைத்த சட்டையை இவர்கள் போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. இவர்கள் பிரச்சினை நடனக் குழுவுக்கு மானியம் அல்ல. டொரன்டோவின் சுரங்க ரயிலில் தெற்காசியர்களை அடித்தார்கள். 1977 நவம்பரில் வால்டர் பிட்மன் அதுபற்றி நகராட்சிக்கு அறிக்கை தந்தார். அதன் பிறகே இனவெறி என்ற சொல்லைப் பல்பண்பாட்டுத் துறை உச்சரிக்கப் பழகியது.

கொள்கைக்குச் சட்டப் பல் முளைத்தது அரசியலமைப்பில். 1980 அக்டோபரில் வெளியான உரிமைச் சாசன வரைவில் பல்பண்பாடு பற்றி ஒரு வரிகூட இல்லை. பாராளுமன்றக் கூட்டுக் குழு முன் உக்ரைனியர் உள்ளிட்ட அமைப்புகள் வரிசையாக வந்து வாதாடிய பிறகு, 1981 ஜனவரியில் 27-ஆம் பிரிவு சேர்ந்தது. கனடியரின் பல்பண்பாட்டு மரபைப் பேணும் விதத்தில்தான் சாசனத்துக்குப் பொருள் கொள்ள வேண்டும் என்கிறது அது. சாசனம் 1982 ஏப்ரல் 17-இல் அமலுக்கு வந்தது. மே 30, ஞாயிற்றுக்கிழமை, கால்கரி நகரில் 'பிக் எம்' என்ற கடையைத் திறந்து வியாபாரம் செய்தார்கள். மளிகைச் சாமான், பிளாஸ்டிக் குவளை, ஒரு சைக்கிள் பூட்டு விற்றதைப் போலீஸ் கண்ணால் கண்டு வழக்குப் போட்டது. கர்த்தர் நாள் சட்டப்படி ஞாயிறு விற்பனை குற்றம். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. ஒரு மதத்தின் ஓய்வு நாளை எல்லார் மேலும் சுமத்துவது 27-ஆம் பிரிவோடு ஒத்துப்போகாது என்று நீதிபதி பிரையன் டிக்சன் 1985-இல் எழுதினார். சட்டம் செத்தது. ஒரு சைக்கிள் பூட்டு செய்த காரியம்!

1985 ஏப்ரலிலேயே அதே நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பும் தந்தது. அகதி அந்தஸ்து கோருபவர் நேரில் சொல்வதைக் கேட்காமல் அவரை மறுக்கக் கூடாது என்றது சிங் வழக்கு. 1983 ஜூலைக்குப் பிறகு வந்துகொண்டிருந்த ஈழத் தமிழர்களுக்கு அது உயிர்நாடியானது. 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை மீனவர்கள் கரைசேர்த்தார்கள். அவர்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்ததை மறைத்தது தெரிந்ததும் நாட்டில் கடும் எரிச்சல் கிளம்பியது. பிரதமர் பிரையன் முல்ரோனி அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. அவர் ஆட்சியில்தான் 1988 ஜூலை 21 அன்று பல்பண்பாட்டுச் சட்டம் கையெழுத்தானது.

மொழிக் கணக்கு என்ன ஆயிற்று? மத்திய அரசு ஒதுங்கினாலும் மாகாணங்கள் கொஞ்சம் நகர்ந்தன. ஆல்பர்ட்டா 1971-இல் பள்ளிச் சட்டத்தை மாற்றியது. 1974 செப்டம்பரில் எட்மன்டனில் உக்ரைன்-ஆங்கில இருமொழி வகுப்பு தொடங்கியது. மானிடோபா 1979-இல் பின்தொடர்ந்தது. ஒழித்து 63 ஆண்டு கழித்து. ஒன்டாரியோ 1977-இல் மரபுமொழித் திட்டம் கொண்டுவந்து, வாரத்துக்கு இரண்டரை மணி நேர வகுப்புக்குப் பணம் தந்தது. 1989-இல் சட்டம் இறுகியது. 25 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் பள்ளி வாரியம் வகுப்பு நடத்தியே தீர வேண்டும் என்றானது. டொரன்டோ பள்ளிகளில் சனிக்கிழமைதோறும் நடந்த தமிழ் வகுப்புகள் இந்த ஏற்பாட்டில் வந்தவைதான். ஆனால் இது மொழிப் பாடம் மட்டுமே, கணக்கும் அறிவியலும் அந்த மொழியில் கிடையாது.

ஒட்டாவா கடைசியாக ஒரு முயற்சி செய்தது. மரபுமொழிகளுக்குப் பாடநூல் தயாரிக்கவும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரவும் எட்மன்டனில் ஒரு தேசிய நிறுவனம் அமைக்க 1991-இல் தனிச் சட்டமே நிறைவேற்றியது. 1992 பிப்ரவரி வரவுசெலவுத் திட்டத்தில், செலவைக் குறைக்க என்று சொல்லி, அந்த நிறுவனத்தைக் காலவரையறையின்றித் தள்ளிவைத்தார்கள். அது திறக்கப்படவே இல்லை.

(தொடரும்)